புல்மன் வண்டியும் இருவகைத் தொழிலாளரும்



அமெரிக்கத் தொழிலாளர் தம் உரிமைக்காக நடத்திய போராட்டங்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். அது ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்கும் விடயமன்று. ஆகையால், நாடு முழுவதையும் சுற்றிவராமல், ஒரேயொரு கம்பனியின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தொழிலாளர் உரிமை, நிற வேற்றுமை, நீதிமன்றத்தின் கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடப்பதை அந்த ஒரு கம்பனியின் கதையிலேயே காணலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிந்தது. அடிமைத்தளை சட்டப்படி அறுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் ஜோர்ஜ் புல்மன் என்பவர் புகையிரதப் படுக்கை வண்டிகளுக்கென ஒரு கம்பனியை நிறுவினார். பட்டுத் திரைகளும் மெத்தைகளும் உள்ள அந்த வண்டிகளிலே, பயணிகளின் படுக்கையை விரிக்கவும், சப்பாத்தைத் துடைக்கவும், நள்ளிரவில் மணியடித்தால் ஓடி வரவும் கறுப்பினப் பணியாளரையே புல்மன் அமர்த்தினார். தொடக்க காலத்தில் வந்தவருட் பலர் நேற்றுவரை அடிமைகளாயிருந்தவர்கள். அவர்களுள் எவனுடைய பெயரையும் பயணிகள் கேட்பதில்லை. எல்லாரையும் “ஜோர்ஜ்” என்றே அழைத்தார்கள். அடிமையை அவனுடைய எசமானின் பெயரால் அழைக்கும் பழைய வழக்கம், எசமான் மாறியும் மாறாமல் நின்றது.

வண்டியில் ஊழியம் செய்தவர் கறுப்பர். வண்டியைக் கட்டியவரோ பெரும்பாலும் வெள்ளையர். இவ்விரு வகையாரும் ஒரே முதலாளியின் கூலியாட்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

வண்டி கட்டுவோருக்காகச் சிக்காகோ நகரின் தெற்கே புல்மன் ஓர் ஊரையே அமைத்தார். ஊரின் பெயரும் புல்மன். 1881ஆம் ஆண்டு முதலாந் திகதி அதில் முதற் குடி புகுந்தது. செங்கல் வீடுகள், பூங்கா, நூல்நிலையம், கோயில், கடைத்தொகுதி எல்லாம் இருந்தன. பார்க்க வந்தவர்கள் புகழ்ந்து எழுதினார்கள். ஆனால் அவ்வூரிலே ஒரு சாண் நிலத்தைத் தானும் தொழிலாளி சொந்தமாக வாங்க இயலாது. வீடு கம்பனியுடையது, தெரு கம்பனியுடையது, கோயிலுக்கும் வாடகை, நூல்நிலையத்துக்கும் சந்தா. காணியை உயிரெனப் போற்றும் உங்களுக்கு, சொந்தக் காணியில்லாத அந்த அழகிய ஊரின் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

1893ஆம் ஆண்டில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. கம்பனி பலரை விலக்கியது. எஞ்சியோரின் கூலியை ஏறத்தாழக் காற்பங்கு குறைத்தது. வீட்டு வாடகையை மட்டும் ஒரு சதமேனும் குறைக்கவில்லை. பிற்பாடு சனாதிபதி அமைத்த விசாரணைக் குழு கணக்குகளைப் பார்த்தது. 1894 யூலையில் முடிந்த ஆண்டிலே கம்பனி கொடுத்த கூலித்தொகை, முந்திய ஆண்டின் சுமார் 72 இலட்சம் டொலரிலிருந்து சுமார் 45 இலட்சத்துக்கு இறங்கியிருந்தது. பங்காளிகளுக்குப் பகிர்ந்த இலாபமோ சுமார் 25 இலட்சத்திலிருந்து சுமார் 29 இலட்சத்துக்கு ஏறியிருந்தது! அயலூர்களில் அதேபோன்ற வீட்டுக்குள்ள வாடகையைவிடப் புல்மன் ஊரின் வாடகை 20 முதல் 25 வீதம் கூடுதல் என்றும் அக்குழு கண்டது. வாடகை போக 2 சதத்துக்குக் கிடைத்த காசோலையை மாற்றாமல் கண்ணாடிச் சட்டமிட்டு வைத்திருந்த ஒரு தொழிலாளியைப் பற்றி அவ்வூர்ப் பாதிரியார் கார்வர்டைன் எழுதியிருக்கிறார்.

1894 மே மாதத்தில் தொழிலாளரின் தூதுக்குழு ஒன்று முறையிடச் சென்றது. அக்குழுவில் மூவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். மே 11ஆம் திகதி வேலைநிறுத்தம் தொடங்கியது. பொதுவான ஒருவரைக் கொண்டு பிணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டபோது, தீர்ப்பதற்கு எதுவுமில்லை என்பதே கம்பனியின் விடையாயிருந்தது.

அவ்வேளையில் யூஜின் டெப்ஸ் என்பவர் அமெரிக்கப் புகையிரதச் சங்கத்தின் தலைவராயிருந்தார். சங்கம் தோன்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குமுன் புகையிரதத் தொழிலாளர் எஞ்சின் ஓட்டிகள், நெருப்பிடுவோர், காவலர் எனத் தொழிலுக்கொரு சங்கமாகச் சிதறிக் கிடந்தனர். அவர்களை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தவர் டெப்ஸ். யூன் 26ஆம் திகதி முதல், புல்மன் வண்டி பூட்டிய எந்தப் புகையிரதத்தையும் ஓட்டுவதில்லை என்று சங்கம் பகிஷ்காரம் தொடங்கியது. நான்கு நாட்களுக்குள் 29 புகையிரதப் பாதைகளில் சுமார் 125,000 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள்.

இனி நடந்தது என்போன்ற சட்டத்தரணிகள் அடிக்கடி எடுத்துப் படிக்க வேண்டிய பாடம். சமஷ்டி அரசாங்கத்தின் சட்டமா அதிபர் ரிச்சர்ட் ஓல்னி. அவர் பதவிக்கு வருமுன் புகையிரதக் கம்பனிகளின் வழக்கறிஞர். சிக்காகோவில் அரசாங்கத்தின் சார்பில் வழக்கு நடத்த அவர் நியமித்த எட்வின் வோக்கரும் ஒரு புகையிரதக் கம்பனியின் சட்டத்தரணியே. கட்சிக்காரனும் அரசாங்கமும் ஒரே சட்டத்தரணியை வைத்துக்கொண்டால் எதிர்க்கட்சிக்காரனின் கதி என்ன? யூலை 2ஆம் திகதி நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. பயமுறுத்தலை மட்டுமா தடுத்தது? வேலையை விட்டு வாருங்கள் என்று ஒரு தொழிலாளியிடம் நயமாக எடுத்துச் சொல்வதையுங்கூடத் தடுத்தது.

இந்தத் தடையுத்தரவின் சூட்சுமத்தைச் சட்டம் படியாதாருக்கும் விளங்கச் சொல்கிறேன். ஒருவன் குற்றஞ் செய்தான் என்றால் அவனை யூரர் முன் நிறுத்தி நிரூபிக்க வேண்டும். அவனுடைய ஊரவர் பன்னிருவர் அவனைக் குற்றவாளி என்று சொல்லவேண்டும். ஆனால் முதலில் ஒரு தடையுத்தரவைப் பெற்றுக்கொண்டு, பின் அதை மீறினான் என்று நீதிமன்ற அவமதிப்பு வழக்கு வைத்தால் யூரர் வேண்டியதில்லை. உத்தரவிட்ட நீதிபதியே விசாரித்து அவரே சிறைக்கனுப்பலாம். டெப்ஸ் சிறை சென்றது இந்த வாயிலாலேதான், ஆறு மாதம். யூரர் முன் வைத்த சதி வழக்கும் ஒன்றிருந்தது. அதில் டெப்ஸுக்காக வாதிட்டவர் கிளாரன்ஸ் டரோ; புகையிரதக் கம்பனி ஒன்றின் நல்ல உத்தியோகத்தை விட்டு வந்தவர். அந்த வழக்கிலே யூரர் ஒருவர் நோயுற, விசாரணை நின்றது. பின்னர் ஒருபோதும் தொடரப்படவில்லை. அவ்வழக்கிற் சாட்சி சொல்ல ஜோர்ஜ் புல்மனுக்கு அழைப்பாணை பிறந்தபோது அவர் நகரை விட்டுப் போயிருந்தார். அவருக்கு அவமதிப்புத் தண்டனை கிடைக்கவில்லை.

1895 மே 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் டெப்ஸின் விண்ணப்பத்தை ஒருமனதாகத் தள்ளியது. தபாலையும் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தையும் காக்க அரசாங்கம் தடையுத்தரவு கேட்கலாம் என்றது. அதே ஆண்டு சனவரியில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கைத் தீர்த்திருந்தது. நாட்டின் சீனி சுத்திகரிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கைக் கைப்பற்றிய கூட்டுக் கம்பனியின்மேல், ஏகபோகத் தடைச் சட்டத்தின்படி அரசாங்கம் தொடுத்த வழக்கு அது. சீனி காய்ச்சுவது உற்பத்தியேயன்றி வர்த்தகம் அன்று, ஆகவே சட்டம் பொருந்தாது என்பது தீர்ப்பு. முதலாளிகளின் கூட்டைத் தடுக்க 1890இல் இயற்றிய அச்சட்டத்தையே சிக்காகோவின் கீழ்நீதிமன்றம் டெப்ஸின் கூட்டுக்கு எதிராகப் பிரயோகித்தது. சீனிக் கம்பனிக்கு எட்டாத சட்டம் தொழிற்சங்கத்துக்கு எட்டியது.

இடையில் ஒரு சொல். இலினோய் மாநிலத்தின் ஆளுநர் ஒல்ட்கெல்ட் தாம் கேளாமலே சமஷ்டிப் படையைச் சிக்காகோவுக்கு அனுப்பியதைக் கண்டித்துச் சனாதிபதி கிளீவ்லன்டுக்குத் தந்தியடித்தார். பயன் இல்லை. படை நின்றது, பல உயிர்கள் போயின, வேலைநிறுத்தம் முறிந்தது. இரண்டாண்டு கழித்து, கறுப்பரை வேறு வண்டியில் ஏற்றும் லூசியானா மாநிலச் சட்டத்தைப் பற்றிய வழக்கு வந்தபோது, மாநிலத்தின் அதிகாரத்தில் தலையிடுவதற்கில்லை என்று உயர் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. சமஷ்டி பற்றி அதிகம் பேசுகிற நாம் இதைக் கவனிக்க வேண்டும். மாநில உரிமை எப்போது கனத்தது, எப்போது பஞ்சாய்ப் பறந்தது என்பது யாருக்கு அது தேவைப்பட்டது என்பதைப் பொறுத்திருந்தது.

டெப்ஸின் தோல்விக்குப் படையும் நீதிமன்றமும் காரணமென்று சொன்னேன். அது முழு உண்மையன்று. 1894 யூனில் கூடிய சங்க மாநாட்டிலே கறுப்பினத் தொழிலாளரைச் சேர்ப்பதா என்று விவாதம் நடந்தது. சேர்க்க வேண்டுமென்று டெப்ஸ் மன்றாடினார். வாக்கெடுத்தார்கள். வெள்ளையர் மட்டுமே என்பதற்கு 112 வாக்கு, எதிராக 100. பன்னிரண்டு வாக்கு! புல்மன் வண்டியைப் பகிஷ்கரிக்கப் புறப்பட்ட சங்கம், அவ்வண்டிக்குள்ளேயே இரவு பகலாக நின்ற ஆயிரக்கணக்கான புல்மன் தொழிலாளரை வாசலில் நிறுத்திக் கதவடைத்தது. கதவைத் திறந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படைக்கு முன் அதுவும் போதாதிருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தோல்வியிலே இந்தப் பன்னிரண்டு வாக்கு மாத்திரமே தொழிலாளர் தம் கையாலே தமக்குச் செய்துகொண்டது.

லூசியானா வழக்கைக் குறிப்பிட்டேன். 1892ஆம் ஆண்டில் ஓமர் பிளெசி என்பவர் வேண்டுமென்றே வெள்ளையர் வண்டியில் ஏறி இருந்து கைதானார். 1896 மே 18ஆம் திகதி எழுவருக்கு ஒருவராக நீதிமன்றம் அவருக்கு மாறாகத் தீர்த்தது. வண்டி வேறானாலும் சமமாயிருந்தாற் போதும் என்பது தீர்ப்பின் சாரம். தனித்து நின்று மறுத்தவர் நீதியரசர் ஹார்லன். அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது: வேற்றினக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதிக்குத் தடையில்லை! வெள்ளைக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும்வரை கறுப்பினப் பெண்ணால் அந்த வண்டி தீட்டுப்படாது. தன் பிள்ளையோடு வந்தால் தீட்டுப்படும். புல்மன் பணியாளனின் நிலையும் அதுவே. சேவகனாக எல்லா வண்டிக்குள்ளும் போவான்; பயணியாகப் போகமாட்டான்.

பிளெசி சார்ந்து நின்றது அரசியல் யாப்பின் பதினான்காம் திருத்தத்தை. 1868இல் அதை இயற்றியதே விடுதலை பெற்ற அடிமைகளைக் காப்பதற்காக. அது பிளெசியைக் காக்கவில்லை. ஒன்பது ஆண்டு கழித்து, 1905இல், நியூயோர்க் மாநிலம் பாண் போறணைத் தொழிலாளரை வாரத்தில் 60 மணிக்குமேல் வேலை வாங்கக் கூடாதென்று செய்த சட்டம் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. ஐவருக்கு நால்வராக அச்சட்டம் செல்லாதென்றார்கள். எந்தத் திருத்தத்தின்படி? அதே பதினான்காம் திருத்தத்தின்படி! கூலியாளும் முதலாளியும் சுதந்திரமாக உடன்படிக்கை செய்யும் உரிமையை மாநிலம் பறிக்கிறதாம். அடிமைக்காகக் கட்டிய வேலி போறணை முதலாளியின் தோட்டத்துக்குப் போயிற்று. நீதியரசர் ஹோம்ஸ் எழுதிய மறுப்புரையை இளஞ் சட்டத்தரணிகள் தவறாது படிக்க வேண்டும். அது மிகச் சிறியது.

புல்மன் 1897இல் இறந்தார். வேலை இழந்தவர்கள் கல்லறையைத் தோண்டிவிடுவார்களோ என்றஞ்சி, அவருடைய பேழையைச் சீமந்துக்குள்ளும் இரும்புத் தண்டவாளத்துக்குள்ளும் புதைத்தார்கள். அடுத்துக் கம்பனியின் தலைமைக்கு வந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? றொபேட் லிங்கன், அடிமைகளை விடுவித்த ஏபிரகாம் லிங்கனின் மகன். 1915இல் ஒரு விசாரணைக் குழு முன் அவர் சாட்சியமளித்தபோது பணியாளனின் மாதச் சம்பளம் 27 டொலர் 50 சதம். மிகுதியைப் பயணிகள் போடும் இனாமிலே தேடிக்கொள்ள வேண்டும். பல்லிளித்து நிற்பவனுக்கே இனாம் விழும். இதனாற் கூலியின் பெரும்பகுதியைக் கம்பனி பயணியின் தலையிலும், பணிவின் முழுப்பாரத்தையும் தொழிலாளியின் முதுகிலும் ஏற்றிவிட்டது.

1925 ஓகஸ்ட் 25ஆம் திகதி நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் இப்பணியாளர் கூடித் தமக்கென ஒரு சகோதர சங்கம் கண்டார்கள். தலைவராக அழைத்தது பிலிப் ரண்டோல்ப் என்னும் பத்திரிகாசிரியரை. அவர் படுக்கை வண்டியில் ஒருநாளும் வேலை செய்தவரல்லர். ஆகையாற் கம்பனி அவரை வேலையை விட்டு நீக்க முடியாது! அன்று ஒரு பணியாளன் மாதம் ஏறக்குறைய 400 மணித்தியாலம், அல்லது 11,000 மைல், உழைக்க வேண்டும். துடைக்கும் சப்பாத்து மையையும் தன் பணத்திலே வாங்கவேண்டும்.

வழி நீண்டது. கம்பனி தானே ஒரு பொம்மைச் சங்கம் வைத்திருந்தது; உளவாளிகளை வைத்தது; சேர்ந்தவர்களை நீக்கியது; பிலிப்பைன் நாட்டவரைக் கொண்டுவந்து பயங்காட்டியது. 1928 யூனில் அறிவித்த வேலைநிறுத்தத்தை ரண்டோல்ப் கடைசி நேரத்திற் கைவிட்டார். அதன்பின் உறுப்பினர் கழன்று சில நூற்றுவராயினர், சந்தா வரவில்லை. அமெரிக்கத் தொழிற் சம்மேளனமோ கிளைகளுக்குத் தனித்தனியே இடங்கொடுத்ததேயன்றிப் பத்தாண்டுவரை முழுச் சாசனம் கொடுக்கவில்லை. அமைப்பு வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும், தோல்வியைவிடக் கொடியது இந்த வரட்சி என்பது. கூட்டத்துக்கு ஐந்துபேர் வருவார்கள். அவருள் ஒருவன் உளவாளி.

1934இல் புகையிரதத் தொழிற் சட்டத்தைத் திருத்தியபோது படுக்கை வண்டிக் கம்பனியும் அதற்குள் அடங்கியது. பொம்மைச் சங்கங்கள் சட்டவிரோதமாயின. அடுத்த ஆண்டு வாக்கெடுப்பில் ரண்டோல்பின் சங்கம் பெருவாரியாக வென்றது. 1937 ஓகஸ்ட் 25ஆம் திகதி, சங்கம் தோன்றிப் பன்னிரண்டாம் ஆண்டு நிறைந்த அதே நாளில், கம்பனி கையொப்பமிட்டது. மாதம் 400 மணி 240 ஆயிற்று. டெப்ஸ் காலத்தில் ஒன்றும் பேசமாட்டேன் என்றிருந்த கம்பனி, அந்தச் சங்கம் சேர்க்க மறுத்த மனிதருடன் மேசையில் அமர்ந்து எழுதிக்கொடுத்தது.

ரண்டோல்ப் அதோடு வீட்டுக்குப் போகவில்லை. 1941இல் போர்த் தளவாடத் தொழிற்சாலைகள் பெருகியபோது கறுப்பருக்கு அங்கே வேலை மறுக்கப்பட்டது. யூலை முதலாந் திகதி ஒரு இலட்சம் பேரோடு தலைநகருக்கு நடப்போம் என்றார். சனாதிபதி றூஸ்வெல்ட் அழைத்து, வேண்டாமென்று கேட்டார். உத்தரவு இல்லாமல் நிறுத்துவதற்கில்லை என்றார் ரண்டோல்ப். யூன் 25ஆம் திகதி உத்தரவு பிறந்தது: அரசாங்கத்திலும் பாதுகாப்புத் தொழிலிலும் இன நிற வேற்றுமை கூடாது. அந்த உத்தரவு ஏட்டில் கண்ட அளவு நாட்டில் நடைபெறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதைக் கவனிக்க அமைத்த குழுவும் 1946இல் மறைந்தது. தொழிற் சம்மேளனத்தின் மாநாடுகளிலே வெள்ளையருக்கு மட்டுமான சங்கங்களை நீக்கும்படி ரண்டோல்ப் ஆண்டுதோறும் எழுந்து நின்றார். கறுப்பர் எல்லாருக்கும் உம்மைக் காவலராக நியமித்தவர் யார் என்று சம்மேளனத் தலைவர் ஜோர்ஜ் மீனி 1959இல் சினந்து கேட்டார். அடுத்த முறையும் அவர் எழுந்தார்.

1955 டிசம்பர் முதலாந் திகதி மொன்ற்கொமரி நகரில் றோசா பாக்ஸ் அம்மையார் பஸ்ஸில் இடம்விட மறுத்துக் கைதானது உலகறிந்த செய்தி. அவரைப் பிணையில் எடுக்க விரைந்தவர் ஈ. டி. நிக்சன் என்பது அவ்வளவு அறிந்ததன்று. அவர் ஒரு புல்மன் பணியாளர்; ரண்டோல்பின் சங்கத்துக்கு அந்நகரின் தலைவர். மறுநாட் காலையில் அவர் மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்ட மதகுருமாரை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் கூடிய கூட்டத்துக்கோ அவராற் போக முடியவில்லை. அன்று அவருக்குப் புகையிரத வேலை! பஸ் பகிஷ்காரம் 381 நாள் நடந்தது. 1963 ஓகஸ்ட் 28ஆம் திகதி வாஷிங்டனில் சுமார் 250,000 பேர் கூடியபோது பேரணியைத் தொடக்கி வைத்தவர் ரண்டோல்ப், வயது 74. அப்பேரணியின் பெயரில் வேலை முதலில், சுதந்திரம் அடுத்ததாக இருந்தது. அடுத்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் வேலை கொடுப்பதில் வேற்றுமையைத் தடைசெய்தது.

கமக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது என்று முன்வரிசையிலிருக்கும் பெரியவர் ஒருவர் கூட்டத்துக்கு முன் என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

1935இல் அமெரிக்கா தொழிலாளரின் சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. இயற்றுவித்த செனற்றர் வாக்னரின் பெயராலே அது வழங்குகிறது. தொழிலாளரின் மகா சாசனமென அதை நானும் புகழ்வேன். ஆனால் தொழிலாளி யார் என்று வரைவிலக்கணம் கூறும் பிரிவிலே இரு சாரார் விலக்கப்பட்டிருக்கிறார்கள்: வயலில் வேலை செய்வோர் ஒருவர், பிறர் வீட்டில் வேலை செய்வோர் மற்றவர். தென் மாநிலங்களிலே உழைக்கும் கறுப்பரில் மிகப் பெரும்பாலோர் இவ்விரு தொழிலிலுமே இருந்தனர். சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை, தேவையும் இருக்கவில்லை. 1938இல் குறைந்த கூலியும் மணிவரையறையும் தந்த சட்டமும் இதே வழியிற் சென்றது. குறைந்த கூலி வயலுக்கு எட்டியது 1966இலே, அதுவும் எல்லாப் பண்ணைகளுக்கும் அன்று. கலிபோர்னியா மாநிலம் 1975இல் பண்ணைத் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் செய்தது. அதற்கு முன் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் ஆண்டுக்கணக்காகப் பகிஷ்காரம் நடத்த வேண்டியிருந்தது.

புல்மன் ஊர் இன்று தேசிய வரலாற்றுப் பூங்கா. செங்கல் வீடுகளைக் காண உல்லாசப் பயணிகள் போகிறார்கள். வாக்னர் சட்டத்தின் அந்தப் பிரிவும் அப்படியே நிற்கிறது. வயலில் வேலை செய்பவர் அந்தச் சட்டத்தின்படி இன்றும் தொழிலாளர் அல்லர்.